அரிசி தின்ற அத்தை

என் அத்தையின் கல்யாணத்தன்று பந்தலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கப்போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தில் மழை கொட்டும் என்பது எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். களையும்போது ஒரு பிடியை வாயில் போட்டுக்கொள்கிற பெண்களுக்கே தூறல் நிச்சயம் என்பார்கள். என் அத்தை தின்ற அரிசிக்குக் கூவம் ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்திருக்க வேண்டும்.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் எங்கள் ஊர் வரும். நைனா, அம்மா, அத்தை மூவரும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தார்கள். கூலி நெல்லாக வரும். அதைக் குத்திப் புடைக்கும்போதே அத்தை ஒரு கை அள்ளித் தாவணி முனையில் முடிந்துகொள்வாள். நாற்று நடும்போதும், தண்ணீருக்குப் போகும்போதும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்த முடிச்சிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்து மென்றுகொண்டிருப்பாள்.

முடிச்சில் எனக்கும் பங்கு உண்டு. வெளியே சொல்லக்கூடாது என்பதுதான் பேச்சு. நான் சின்ன வயதிலேயே கூச்சப்பட்டவன். நாலு பேர் முன்னால் என் பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பேன். கூட்டுக்கு ஆள் தேடியபோது அத்தை என்னைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் அம்மாவிடம் அடிக்கடி மாட்டிக்கொள்வாள்.

“இன்னாடி பண்ணிக்கினு கீறே மொறத்தாண்ட?”

“ஒண்ணுமில்ல அண்ணி. எலி வந்துச்சி.”

“ரெண்டு கால் எலியா? தின்னு, நல்லா தின்னு. உன் கல்யாணத்துல சோறு போட எலை வேணாம், ஓடம்தான் உடணும்.”

அந்த வருஷம் அத்தையிடம் வேறு சில மாற்றங்களும் வந்திருந்தன. ஏரிக்கரை ஏறுவதற்குள் இரண்டு முறை உட்காருவாள். நடவுப் பாட்டு பாடுகிறவளுக்குப் பாட்டின் நடுவே மூச்சு போய்விடும். கழனியில் மற்ற பெண்கள் அதைக் கல்யாண மயக்கம் என்று கிண்டல் செய்தார்கள். இதற்கெல்லாம் மேலே, ஏரி வண்டலைப் போல நல்ல கறுப்பாக இருந்த அத்தை நிறம் மாற ஆரம்பித்திருந்தாள். முகம் வெளுத்து, கொஞ்சம் உப்பி, மெருகு வைத்தது போல் ஆகிவிட்டது. கழனி வெயிலில் நின்றுகொண்டே ஒரு பெண் சிவப்பாவது எங்கள் ஊர் கண்டிராத அதிசயம். கல்யாணக் களை வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

வேப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பட்டணத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ரயிலில் போய் வருகிறவர். அவருடைய அம்மா பெரிய குரல்காரி. அத்தையின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கழனி வேல செய்ற பொண்ணா இது? டவுனு பொண்ணு மாதிரி செவப்பா கீதே!” என்றாள்.

“எங்க ஊட்டுப் பொண்ணுங்க நெறமே அப்படித்தாம்மா” என்றாள் அம்மா, கொஞ்சமும் தயங்காமல். நைனா கூரையைப் பார்த்தார்.

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். நல்ல இடம் அமைந்தால் அத்தை வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவாள் என்று பெரியபாளையத்து அம்மனுக்கு அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அதனால் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊர் வண்டியில் இடம் பிடித்துக் கிளம்பினோம்.

ஆரணி ஆற்றில் குளித்து, வேப்பிலைக் கொத்துகளைச் சேலை போல உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான பெண்கள் கோவிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பம்பைக்காரர்கள் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சியில் இருந்தது. அத்தை காலையிலிருந்து விரதம். வேப்பிலைக்கு உள்ளே ஈரத் தாவணி. அதன் முனையில் வழக்கமான முடிச்சு. விரதத்திலும் அதை அவளால் விட்டுவர முடியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கோவிலின் பின்பக்கம் திரும்பும்போது அத்தை நின்றாள். இப்படியும் அப்படியும் ஆடினாள். மார்பு ஏறி ஏறி இறங்கியது. கண்கள் மேலே செருகிக்கொண்டன.

“ஆத்தா வந்துட்டாடீ!” என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

அவ்வளவுதான். பம்பைக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். கூட்டம் கும்பிட்டது. அத்தை தரையில் சாய்ந்தாள். முன்பின் தெரியாத ஒரு கிழவி அவள் காலைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன தன் கறவை மாடு எந்தத் திக்கில் இருக்கிறது என்று குறி கேட்டாள். அத்தையின் உதடுகள் அசைந்தன.

“தண்ணி…”

“ஆத்தா தண்ணி கேக்கறா! மஞ்சத்தண்ணி கொண்டாங்கடா!”

குடம் குடமாகக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள். குடிக்க ஒரு வாய் தரவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நைனாவைத் தேடினேன். காலையில்தான் தாவணி காயப்போடுவதில் தங்கையோடு சண்டை போட்டவர், இப்போது மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்சம்மா வந்தார். திருவிழாவுக்காகத் தடுப்பூசி போடக் கொட்டகை போட்டிருந்தார்கள், அங்கிருந்து வந்தவர். குனிந்து அத்தையின் நாடியைப் பிடித்தார்.

“தள்ளுங்க. ஆத்தா அப்புறமா வரட்டும். மொதல்ல இந்தப் பொண்ணுக்குக் காத்து வரட்டும்.”

பம்பை நின்றது. கிழவிக்கு மட்டும் மனசில்லை. மாடு என்ன ஆயிற்று என்று நர்சம்மாவிடமே கேட்டாள்.

அத்தையைக் கொட்டகை நிழலில் படுக்கவைத்தார்கள். நர்சம்மா கட்டைவிரலால் அவளுடைய கீழ் இமையை இழுத்து, உட்புறத்தை அம்மாவுக்குக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

“இந்த எடம் செங்கொய்யா உள்ள இருக்குமே, அப்படி இருக்கணும். இது வெள்ளரிப்பிஞ்சாட்டம் இருக்குது. ஒடம்புல ரத்தம் கம்மியாயிட்டுதும்மா. சோகை.”

“செவப்பு ஏறிக்கினு வருதுன்னு இல்ல நாங்க நெனச்சிக்கினு இருந்தோம்!” என்றாள் அம்மா.

“செவக்கல. வெளுத்துப் போயிருக்கா.” நர்சம்மா இன்னொன்றும் கேட்டார். “மண்ணு, சாம்பலு, அரிசின்னு எதனா திங்கிறாளா?”

மஞ்சள் தண்ணீரில் ஊறிய முடிச்சு தாவணி முனையில் உப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. நர்சம்மாவே அதை அவிழ்த்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. ரத்தம் குறைந்தவர்களுக்கு இப்படி ஒரு ஆசை வருவது உண்டு என்றும், அது அவள் தப்பு இல்லை என்றும் சொன்னார். அம்மா அத்தையின் தலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பிறகு நைனாவுக்கு விளக்கிச் சொன்னார். ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு அணுக்கள் இருக்கின்றனவாம். நாம் இழுக்கிற மூச்சுக்காற்றை அவைதான் சுமந்துபோய் உடம்பெல்லாம் சேர்க்குமாம். “அறுப்புல கட்டு தூக்க ஆளு இல்லன்னா நெல்லு களத்துக்கு எப்படி வந்து சேரும்? அறுத்தது அறுத்த எடத்துலயே கெடக்கும். அந்த மாதிரி, இவ மூச்சு இழுக்கறா. தூக்கிக்கினு போறதுக்கு ஆளு இல்ல. அதான் மயக்கம்” என்றார். அந்த ஆட்கள் உண்டாவதற்கு இரும்புச்சத்து வேண்டும். அது இவள் உடம்பில் தீர்ந்துவிட்டது. கழனிச் சேற்றில் வெறுங்காலோடு நிற்பதால் கொக்கிப்புழு ஏறி, இருக்கிற ரத்தத்தையும் குடித்திருக்கும் என்றார்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. அத்தையின் உடம்புக்குள் குட்டிக் குட்டியாகச் சிவப்புச் சேலைக்காரிகள் தலையில் கட்டு வைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாகப் போவதைப் பார்த்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். ரத்தம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் அந்த வரப்புதான் மனசில் வருகிறது.

நைனாவுக்கு இரும்பு என்ற சொல் மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாளே மாட்டு லாடம் ஒன்றைத் தேடி எடுத்து, தேய்த்துக் கழுவி, குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவிட்டார். தண்ணீர் துரு வாடை அடித்தது. செருப்பு போட்டுக்கொள்ளவும் நர்சம்மா சொல்லியிருந்தார். அதற்கு மட்டும் நைனா, “செருப்பு போட்டுக்கினு எவன் கழனில எறங்கறது? கூலிதான் குடுப்பானா?” என்று முடித்துவிட்டார்.

அந்த நர்சம்மா வேலை பார்த்தது எங்களுக்குப் போய்வரத் தோதான ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில். மாதம் ஒருமுறை வரச் சொன்னார். அத்தையோடு துணைக்கு நான் போவேன். முதல் முறை அத்தையின் விரலில் ஊசியால் குத்தி, மையொற்றும் தாள் போன்ற ஒரு தாளில் ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றினார்கள். பக்கத்தில் ஒரு அட்டை. அதில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஆரம்பித்து, போகப்போகக் கருஞ்சிவப்பாகும் பட்டைகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அத்தையின் சொட்டு அடியில் இருந்த வெளிறிய பட்டைக்குப் பக்கத்தில் நின்றது. நர்சம்மா மேலே ஒரு பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

“இந்த நெறம் வர்ற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. இந்த ஒடம்போட போயி உண்டாயிட்டேன்னா பிரசவத்துல தாங்க மாட்டே. புரியுதா?”

அத்தை தலையாட்டினாள். ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்தார்கள். சிவப்பாய், உருண்டையாய், பளபளவென்று, கடையில் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் மிட்டாயைப் போலவே இருந்தன. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. “பசங்க கைக்கு எட்டாம வை. இவன் தின்னா உசுருக்கே ஆபத்து” என்று என்னைக் காட்டிச் சொன்னார். மிட்டாயைப் பற்றிப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். அத்தை பொட்டலத்தை ஒரு டப்பாவில் போட்டு உறியில் வைத்தாள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்திருந்தது. அகப்பட்டவர்களின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது. நைனாவுக்குச் செங்கொய்யா. தெருப் பிள்ளைகளுக்கும் கொய்யாதான். எங்கள் வெள்ளாட்டையும் விடவில்லை. ஒருநாள் அம்மா அடுப்படியில் கேழ்வரகு கிளறிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன்.

“அம்மாவுக்கும் வெள்ளரிப்பிஞ்சு! அத்தை மாதிரியே! அத்தைய விட வெள்ள!”

“பொகையில வெளுத்துக் கெடக்கும். போடா அந்தாண்ட” என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. எழுந்து வந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு களியைக் கிளறினாள்.

நானும் நைனாவும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர்கள் இருவரும் சட்டியை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். எப்போதாவது ஊரில் ஆடு அடித்து எங்களுக்கும் கறி வந்தால் ஈரல் எனக்கு. எலும்பில்லாத துண்டுகள் நைனாவுக்கு. குழம்பை வழித்து அவர்கள் பிசைந்துகொள்வார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பதால் அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாக நான் நினைத்ததே இல்லை.

இமையைப் பார்த்த மறுநாள் சாயங்காலம் வீட்டுப் பின்பக்கம் போனேன். வேலியோரம் அத்தை அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் சிவப்பு மாத்திரை.

“வாயத் தொற அண்ணி.”

“எனக்கு ஒரு கேடும் இல்ல. நீ முழுங்குடி.”

“அப்ப நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா. உனக்கும் குடுப்பாங்க.”

“அறிவு கீதா உனக்கு? ஒரே ஊட்டுல ரெண்டு பேருக்குச் சோகைன்னு அந்த வேப்பம்பட்டுக்காரி காதுல உழுந்துதுன்னா, பரம்பர சீக்குன்னு சொல்லிட்டு வேற எடம் பாத்துக்கினு பூடுவா. உன் கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்ப வாயத் தொற. இல்லன்னா நானும் முழுங்க மாட்டேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். திறந்த வாயில் அத்தை போட்டாள். எனக்கு ஊட்டும்போது செய்வது போலவே, முழுங்கியாயிற்றா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அதற்குப் பிறகு காலை மாத்திரை அத்தைக்கு. சாயங்கால மாத்திரை அம்மாவுக்கு.

அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பெரியவர்கள் எனக்குத் தெரியாமல் மிட்டாய் தின்கிறார்கள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அத்தையின் ரத்தச் சொட்டு ஒரு பட்டைகூட முழுசாக ஏறவில்லை. நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மாத்திரைய முழுங்கினியா, இல்ல கோழிக்குப் போட்டியா?”

“முழுங்கினேம்மா.”

“ரெண்டு வேளையும்?”

அத்தை கால்விரலால் தரையைக் கீறினாள். நான் அவளுடைய தாவணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். நர்சம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு பூச்சிக்கு மருந்து எழுதினார். மாத்திரையையும் கூட்டி, பெரிய பொட்டலமாகக் கொடுத்தார். வெளியே வந்ததும் அத்தை அந்தப் பொட்டலத்தைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நைனா வேப்பம்பட்டுக்குப் போய், நடவு இருக்கிறது, கையில் எதுவும் இல்லை என்று ஏதேதோ சொல்லிக் கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். ஒருமுறைதான் தள்ளலாம், இன்னொருமுறை தள்ளினால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னார்.

மழைக்காலம் முடிவதற்குள் அத்தை பழைய அத்தையாகிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் என்னோடு ஓட்டப்பந்தயம் வந்தாள். நடவுப் பாட்டு முழுசாக வந்தது. பழைய கறுப்பும் வந்துவிட்டது. ஒருநாள் வழக்கம்போல் கையை நீட்டியபோது தாவணி முனையில் முடிச்சே இல்லை.

“எங்க அத்த?”

“இப்பல்லாம் புடிக்கலடா. வாய்ல போட்டா மாவு மாவா கீது.”

அவளுக்கு உடம்பு சரியானதில் முதல் நஷ்டம் எனக்குத்தான். இரண்டாவது நஷ்டமும் எனக்கே. அதுவரை அம்மா முதுகில் ஒரு அடி வைத்தால் பூப்போல இருக்கும். வைத்துவிட்டு அவளே மூச்சு வாங்குவாள். அந்த மார்கழியில் வாங்கிய அடிகள் நன்றாக வலித்தன. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்த கையோடு என்னைத் துரத்திப் பிடித்து அடித்தாள். அம்மாவுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. தப்பித்து ஓடுவதிலேயே கவனமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சொல்லாமல் கொள்ளாமல் வேப்பம்பட்டு அம்மாள் வந்து இறங்கினாள். கோவிலில் பெண் மயங்கி விழுந்த கதை அவள் காதுக்குப் போயிருந்தது. உள்ளே வந்தவள் அத்தையைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

“இன்னாம்மா இது? நான் பாத்துட்டுப் போனப்ப செவப்பா இருந்தாளே. பொண்ண மாத்திட்டீங்களா?”

நைனா மறுபடியும் கூரையைப் பார்த்தார். அத்தை குடங்களை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். அம்மாதான் முன்னால் வந்தாள்.

“அப்ப ஒடம்புல ரத்தம் இல்லம்மா. அதைப் பாத்துட்டு நீங்க செவப்புன்னு சொன்னீங்க. மருந்து சாப்ட்டா, ரத்தம் ஊறிக்கிச்சி. அவ நெறம் அவளுக்கு வந்துட்டுது. செவப்புதான் வேணும்னா சொல்லுங்க, இன்னிக்கே மருந்த நிறுத்திடறேன். பொங்கலுக்குள்ள வெளுத்துக் குடுக்கறேன்.”

“வாய் நீளம்தான் உனக்கு” என்றாள் அந்த அம்மாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். கதவோரம் நின்ற என்மேல் பார்வை விழுந்தது. “டேய், இங்க வா. சின்னப்புள்ள பொய் சொல்லாது. உங்க ஊட்டுல இன்னும் யாருக்கடா இந்த வெளுப்பு சீக்கு கீது? நைனாவுக்கா? அம்மாவுக்கா?”

அம்மாவின் முகம் மாறியது. கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் பதில் தெரியும். இமைகளைப் பற்றி அந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவன் நான்தான். யாராவது தனியாகக் கேட்டிருந்தால் வெள்ளரிப்பிஞ்சு வரைக்கும் சொல்லியிருப்பேன். ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. வழக்கம்போல் தரையைப் பார்த்தேன்.

“ஊமையா இது?” என்றாள் அந்த அம்மாள்.

“கூச்சப்படும்” என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக வந்து நான் கேட்டதில்லை.

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். கிணறு எங்கள் வீட்டுக்கு நல்ல தூரம். நேராக உள்ளே வந்து இரண்டையும் சிந்தாமல் இறக்கிவைத்துவிட்டு, “வாங்க அத்த. வெயில்ல வந்தீங்களே, மோர் குடிக்கறீங்களா?” என்று ஒரே மூச்சில் கேட்டாள். அந்த அம்மாள் அவளுடைய மார்பையே கவனித்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கவில்லை.

“மூச்சு வாங்கலியே!” என்றாள் தனக்குள். மோரை வாங்கி முழுசாகக் குடித்தாள். “கறுப்புன்னா இன்னா? எம்புள்ள மட்டும் பாலாட்டமா கீறான்?”

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் அத்தையின் ரத்தச் சொட்டு நர்சம்மா தொட்டுக் காட்டிய பட்டையை எட்டியது. தையில் கல்யாணம் நடந்தது. நான் காலையிலிருந்தே பந்தலுக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேகம் இல்லை. தின்ற அரிசியெல்லாம் என்ன ஆயிற்று என்று யாரைக் கேட்பது?

பிறகு எங்கள் பக்கத்து ஆட்கள் பலரைப் போல நானும் கழனியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பல வருஷமாக வேலை. அங்கே வருஷம் ஒருமுறை உடம்பைச் சோதிக்க டாக்டர் வருவார். அவர் கட்டைவிரலை என் கண்ணுக்குக் கீழே வைக்கும்போதெல்லாம், வேலியோரம் நின்ற அந்த இரண்டு பெண்களும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அத்தை கல்யாணம் முடிந்து வந்த பங்குனியிலேயே அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணி போய்க் காட்டும் வரை பிறந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன் என்று அத்தை சொல்லியனுப்பியிருந்தாள். அம்மா பேரப்பிள்ளைகளையும் துரத்தித் துரத்தி அடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். ஒருவருக்கு வேண்டிய மருந்தை இரண்டு பேர் பங்கு போட்டது சரியில்லை என்று டாக்டர் யாராவது சொல்லலாம். சொன்னால் நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

அந்தத் தையில் கல்யாணம் முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பக் கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் அத்தை அம்மாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். புதுச்சேலையின் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அத்தையிடம் ஒரு முடிச்சு. கையை நீட்டிக்கொண்டே ஓடினேன். அத்தை அதை அவிழ்த்து, சிவப்பாகச் சிலவற்றை அம்மாவின் கையில் கொட்டி, அம்மாவின் முந்தானையிலேயே வைத்து இறுக்கி முடிந்தாள்.

“எனக்கு அத்த?”

“இது உனக்கில்லடா கண்ணு. அம்மாவுக்கு. தெனம் திங்கறாளான்னு பாத்துக்கோ.”

என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். அரிசி இருந்த காலம் முழுக்க ரகசியத்தைக் காப்பாற்றியவன் நான். மிட்டாய் வந்ததும் பங்கு அம்மாவுக்கு. ரயில் நகர்ந்ததும் நான் பெருங்குரலில் அழ ஆரம்பித்தேன். நைனா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அத்தைமேல் புள்ளைக்கு எவ்வளவு பாசம் பார் என்று ஏரிக்கரை நெடுக எல்லோரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அழுதது அந்த முடிச்சுக்காக.